கணக்குச் சீட்டும் சொந்த ஊரும்

புது தில்லியின் கோல் மார்க்கெட், 1921இல் எழுந்த பன்னிரு பக்கச் சந்தைக் கட்டடத்தின் பெயராகத் தொடங்கி, அதைச் சுற்றி ஆங்கிலேய அரசு தன் குமாஸ்தாக்களுக்காகக் கட்டிய குவார்ட்டர்ஸ் வரிசைகளுக்கெல்லாம் பொதுப் பெயராக ஆயிற்று. 1911 டிசம்பரில் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்ட பின், கோடைதோறும் சிம்லாவுக்கு ஏறிக் குளிர்காலத்தில் தில்லிக்கு இறங்கிய செயலகத்தோடு அலைந்த எழுத்தர்களில், தஞ்சாவூர், திருச்சி, திருநெல்வேலி, பாலக்காடு எனப் பல பக்கங்களிலிருந்தும் வந்த தென்னிந்தியர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காக 1920களில் உருவான மதராஸி கல்விச் சங்கமே பிற்காலத்தில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாகி, முன்பு ரீடிங் ரோடு என்று வழங்கிய மந்திர் மார்க்கில் இன்றும் பள்ளி நடத்தி வருகிறது. இந்தக் குடியிருப்பை நினைவுகூரும் எவருக்கும் பஜனையும் நவராத்திரிக் கொலுவும் கோடை விடுமுறை ரயில் பயணமும் முதலில் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும் மாதச் சம்பளத்தை மட்டும் நம்பி நாற்பதாண்டுக் காலத்தைத் திட்டமிட்ட ஒரு வகுப்பு, தன் இலக்குகளை நோக்கி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை எப்படி, எவ்வளவு இடைவெளியில் அளந்து பார்த்தது என்ற கேள்விக்குக் கோல் மார்க்கெட்டைவிடத் தெளிவாக விடை தரும் இடம் எளிதில் கிடைக்காது.

மத்திய அரசு ஊழியருக்கு ஆய்வு என்பது விருப்பத்தைப் பொறுத்த காரியமாக இருந்ததில்லை. அலுவலகமே அதற்கு நாள் குறித்து வைத்திருந்தது. ஆண்டுக்கொரு முறை அவருக்கு ஜி.பி.எஃப். சீட்டு வந்தது. பொது சேமநல நிதி என்னும் இந்த ஏற்பாட்டில் ஊழியர் தம் ஊதியத்தில் குறைந்தது 6 விழுக்காட்டை மாதந்தோறும் செலுத்துவார். தொடக்க இருப்பு, செலுத்திய சந்தா, சேர்ந்த வட்டி, எடுத்த தொகை, இறுதி இருப்பு ஆகிய அனைத்தையும் அந்தச் சீட்டு ஒரே தாளில் காட்டிவிடும். செட்டிநாட்டு வணிகர்கள் குறிப்பிலிருந்தும் பேரேட்டிலிருந்தும் திரட்டிய ஐந்தொகை என்னும் இருப்பு நிலைக் கணக்கின் வேலையை ஏறக்குறைய இந்தச் சிறு தாள் செய்தது. சர்வீஸ் புக் என்னும் பணிப்பதிவேட்டை ஆண்டுதோறும் ஊழியரிடம் காட்டிக் கையொப்பம் பெற வேண்டும் என்பதும் விதி. அது மட்டுமின்றி, 1972ஆம் ஆண்டின் ஓய்வூதிய விதிகளின்படி 25 ஆண்டுப் பணி முடிந்ததும், அல்லது ஓய்வுக்கு ஐந்தாண்டுகள் இருக்கும்போது, ஓய்வூதியத்துக்குத் தகுதியான பணிக்காலம் எவ்வளவு என்பதை அலுவலகம் சரிபார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. பணியின் நடுவழியில் நிறுத்தி, இதுவரை வந்த தூரம் இவ்வளவு என்று எழுத்தில் தெரிவிக்கும் இந்த ஏற்பாடு தனியார் துறையில் பணிபுரிந்த அவர்களுடைய தம்பிமார்களுக்கு வாய்க்கவில்லை.

இந்த வரிசையில் அடுத்ததான சி.ஆர். என்ற இரகசிய அறிக்கையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேலதிகாரி ஆண்டுதோறும் எழுதிய அந்த மதிப்பீட்டில் பாதகமான குறிப்பு இருந்தால் மட்டுமே அது ஊழியருக்குத் தெரிவிக்கப்பட்டது. சுமாரான குறிப்பு ஒன்று பதவி உயர்வைத் தடுத்தாலும் அது அவருடைய கண்ணில் படாமலே போகும். 2008இல் உச்ச நீதிமன்றம் எல்லாப் பதிவுகளையும் தெரிவிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்த பிறகே நிலைமை மாறியது. அளக்கப்பட்டவருக்கு அளவைச் சொல்லாத ஆய்வினால் அவருக்கு என்ன பயன் என்று கேட்க அரசுக்கு இவ்வளவு காலம் பிடித்தது வியப்புக்குரியது. இப்போது ஊழியரே தம் இலக்கையும் சாதனையையும் எழுதித் தரும் பகுதி அந்த அறிக்கையில் முதன்மையாக இருக்கிறது. அதில் தாம் குறியைத் தவறவிட்டதாக எழுதுபவர் அரிது என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததே.

சேமநல நிதிச் சீட்டுக்குத் திரும்பினால், அதன் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருப்பதைக் காணலாம். 1986 முதல் 2000 வரை அந்த நிதிக்கு 12 விழுக்காடு வட்டி கிடைத்தது. கூட்டு வட்டியில் ஒரு தொகை இரட்டிப்பாக எத்தனை ஆண்டு பிடிக்கும் என்பதை அறிய 72ஐ வட்டி விழுக்காட்டால் வகுத்துப் பார்ப்பது பழைய வழக்கம். அவ்வாறு பார்த்தால் இருப்பு ஆறே ஆண்டில் இரட்டிப்பாகும். பெண்ணின் திருமணத்துக்கும் பையனின் பொறியியல் படிப்புக்கும் இந்த ஆறாண்டுக் கணக்கை வைத்தே பல குடும்பங்கள் திட்டமிட்டன. ஆனால் 2000–01இல் 11, அடுத்த ஆண்டு 9.5, அதற்கடுத்து 9, 2003–04இல் 8 என்று நான்கே ஆண்டில் வட்டி இறங்கியது. ஆறாண்டு ஒன்பதாண்டாக நீண்டது, இன்றைய 7.1 விழுக்காட்டில் அதே இரட்டிப்புக்குப் பத்தாண்டு வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் வந்த சீட்டில் வட்டித் தொகை அச்சாகியிருந்தது உண்மையே. எனினும் இறுதி இருப்பு முந்தைய ஆண்டைவிடக் கூடியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்தவருக்கு, இலக்கை எட்டும் நாள் மூன்றாண்டு தள்ளிப் போயிருப்பதைச் சீட்டு தானாகச் சொல்லவில்லை.

அதைவிட நுட்பமான குறை விலைவாசியைப் பற்றியது. 1991–92இல் நுகர்வோர் விலைகள் 13 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தன. அந்த ஆண்டு 12 விழுக்காடு வட்டி பெற்ற இருப்பு, எண்ணில் வளர்ந்து வாங்கும் ஆற்றலில் சுருங்கியது. விலைவாசி உயர்வை ஈடுசெய்யத் தரப்படும் டி.ஏ. என்னும் அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை, ஜனவரி முதல் தேதியையும் ஜூலை முதல் தேதியையும் அடிப்படையாக வைத்துத் திருத்தப்படுவதால், சம்பளத்தின் பக்கத்தில் விலை உயர்வு தெரிந்தது, சேமிப்பின் பக்கத்தில் தெரியவில்லை. டி.ஏ. அறிவிப்பையும் ஜி.பி.எஃப். சீட்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தவர்கள் மட்டுமே தங்கள் முன்னேற்றத்தின் உண்மையான அளவைப் பெற்றார்கள் எனலாம். அரியர்ஸ் என்னும் நிலுவைத் தொகை கைக்கு வரும் ஊதியக்குழு ஆண்டுகளில் இந்த இரட்டை வாசிப்பு இன்னும் கடினமாயிற்று. பழைய பாக்கி வந்து சேர்ந்ததை வருமான உயர்வாக எண்ணி மகிழாத வீடு குறைவு.

குவார்ட்டர்ஸும் அளவைக் குழப்பியது. அரசு வீடுகள் ஊழியரின் ஊதியத்தைப் பொறுத்து டைப் ஒன், டைப் டூ என்று வகை பிரிக்கப்பட்டிருந்தன. மேல் வகைக்கு அலாட்மென்ட் கிடைத்தால் கூடுதலாக ஓர் அறை கிடைக்கும். அது சேமிப்பைவிடக் கண்ணுக்குத் தெரியும் உயர்வு, மேலும் அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் அது தெரியும். நகரத்தின் நடுவில், இர்வின் ரோடு என்று அந்நாளில் அழைக்கப்பட்ட பாபா கடக் சிங் மார்க்கிலிருந்து நடந்து போகும் தொலைவில், மரநிழலும் முற்றமுமாக அமைந்த வீட்டில் சிறு கட்டணத்துக்கு முப்பதாண்டு வாழ்ந்த குடும்பம், தனக்கென்று வீடு இல்லை என்பதை அன்றாடம் உணர்வதற்கு வழியே இல்லை. ஓய்வுபெற்ற சில மாதங்களில் சாவியைத் திருப்பித் தர வேண்டும் என்பது பணியில் சேர்ந்த நாளிலேயே தெரிந்த செய்தி. ஓய்வு வயது 1962இல் 55லிருந்து 58ஆகவும், 1998இல் 60ஆகவும் உயர்ந்தபோது, அந்த நாள் தள்ளிப் போயிற்றே ஒழிய மறையவில்லை. 1998இன் நீட்டிப்பு பலருக்குச் சேமிக்க இரண்டாண்டு கூடுதலாகத் தந்தது, சிலருக்கு யோசிப்பதை இரண்டாண்டு ஒத்திப்போடவும் இடம் தந்தது.

இங்கேதான் இந்த ஆய்வு முறையின் பெரிய இடைவெளி தென்படுகிறது. தொகை ஆண்டுதோறும் சரிபார்க்கப்பட்டது. தொகை எதற்காக என்பது சரிபார்க்கப்படவில்லை. எல்.டி.சி. என்னும் விடுமுறைப் பயணச் சலுகைக்காக ஊழியர் தம் சொந்த ஊர் எது என்று அறிவித்துப் பணிப்பதிவேட்டில் பதிந்துகொள்ள வேண்டும். அந்த அறிவிப்பு வழக்கமாக இறுதியானது, தக்க காரணம் இருந்தால் பணிக்காலம் முழுவதிலும் ஒரே ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். மாற்றம் கேட்பவரிடம் அரசு பார்க்கும் சான்றுகள் கவனத்துக்குரியவை: குடும்பக் கடமைகளுக்காக அந்த ஊருக்கு நேரில் போய்வர வேண்டியிருக்கிறதா, அங்கே சொத்து இருக்கிறதா, நெருங்கிய உறவினர் நிலையாக வசிக்கிறார்களா, பணிக்கு வருமுன் அவர் அங்கே சில காலம் வாழ்ந்திருக்கிறாரா என்பவை அவை. ஓர் ஊர் ஒருவருக்கு இன்னும் சொந்த ஊர்தானா என்பதை ஆராய இவற்றைவிடச் செம்மையான கேள்விகளை எந்தச் சமூகவியலாளரும் வகுத்திருக்க முடியாது. ஆனால் பெரும்பாலோர் இருபத்திரண்டு வயதில் எழுதிக் கொடுத்த ஊர்ப்பெயர் ஐம்பத்தெட்டிலும் அப்படியே இருந்தது. அக்கேள்விகளைத் தங்களிடமே கேட்டுக்கொள்ளும் சந்தர்ப்பம் அவர்களுக்கு வரவில்லை.

ரிட்டயர் ஆனதும் ஊரோடு போய்விடுவது என்பதே அந்தத் தலைமுறையின் எழுதப்படாத இலக்கு. அதற்காகக் காவிரிக் கரைக் கிராமத்தில் ஒரு மனைக்கட்டையோ, சென்னையின் தெற்கே நங்கநல்லூரில் அரை கிரவுண்டையோ ஒரு கிரவுண்டையோ வாங்கிப் போட்டவர்கள் உண்டு. இடையில் பிள்ளைகள் இந்தி பேசி வளர்ந்து, தில்லிக் கல்லூரிகளில் படித்து, அங்கேயே வேலைக்கும் போனார்கள். ஊரில் இருந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். மறுபக்கத்தில் தில்லி வளர்ச்சி ஆணையம் 1979இல் தொடங்கிய வீட்டுப் பதிவுத் திட்டத்தில் ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பணம் கட்டிப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்கள்; அந்தக் காத்திருப்பு பலருக்கு இருபதாண்டையும் தாண்டிற்று. யமுனைக்குக் கிழக்கே பட்பட்கஞ்சிலும் மயூர் விஹாரிலும் எழுந்த கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கங்களில் சேர்ந்த தமிழர்கள் அதைவிட விரைவாக வீடு பெற்றார்கள். ஊர் மனையையும் தில்லிச் சங்கத்துப் பங்கையும் ஒரே சம்பளத்திலிருந்து கட்டிய வீடுகளில், எது இலக்கு, எது காப்பு என்ற தெளிவு இல்லாமலே இரண்டுக்கும் தவணை போயிற்று. பண ஒழுங்கில் அவர்களிடம் குறை காண இடமில்லை. ஒரு பைசாத் தவணைகூடத் தவறியிருக்காது. ஆயினும் ஊருக்குத் திரும்பும் எண்ணத்தை நடுவயதில் ஒருமுறை எடுத்து வைத்துப் பேசி, அதை உறுதி செய்திருந்தால் அல்லது கைவிட்டிருந்தால், அந்த இரட்டைத் தவணையில் ஒன்று மிச்சமாகியிருக்கும்.

வீட்டுப் பெண்கள் வைத்திருந்த கணக்கு இந்த இடத்தில் வேறு விதமாக நடந்துகொண்டது. இலவசமாகக் கிடைத்த டைரியொன்றில் பால், மளிகை, பள்ளிக் கட்டணம், சீட்டுப் பணம் என்று எழுதப்பட்ட அந்தக் கணக்கு, ஆண்டு முடிந்து புது டைரி வரும்போது பழையதிலிருந்து எடுத்து எழுதப்பட வேண்டியிருந்தது. யாரிடம் எவ்வளவு கடன், எந்தச் சீட்டு எத்தனை மாதம் பாக்கி, எந்த நகை எங்கே இருக்கிறது என்பன மட்டும் புதிய ஏட்டுக்குப் போகும். வராது என்று தெரிந்துவிட்ட கைமாற்றும், கைவிடப்பட்ட ஆசையும் பழைய ஏட்டிலேயே நின்றுவிடும். அலுவலகச் சீட்டு செய்யாத வேலையை இந்த எடுத்தெழுதல் செய்தது: எதைத் தொடர்வது என்பதை ஒவ்வோர் ஆண்டும் ஒருமுறை முடிவு செய்ய வைத்தது.

இலண்டனில் சட்டம் படித்த காலத்தில் செலவழித்த ஒவ்வொரு காசையும் எழுதி, இரவு படுக்கும் முன் இருப்பைச் சரிபார்த்ததாகக் காந்தி தம் தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். அங்கே முக்கியமானது கணக்கு எழுதியதைவிட அதன் விளைவு. கணக்கு காட்டிய உண்மையை வைத்து அவர் ஒரு குடும்பத்தோடு தங்கியிருந்ததை விட்டுத் தனி அறைக்கு மாறினார், வண்டியேறுவதைக் குறைத்து நடந்தார். இலண்டனில் எப்படிப்பட்டவராக வாழ்வது என்ற எண்ணமே அதனால் மாறிற்று. அவரே 1946–47இல் மந்திர் மார்க்கின் வால்மீகி மந்திரில் நெடுநாள் தங்கியிருந்தபோது, சற்றுத் தள்ளிக் குவார்ட்டர்ஸில் இருந்த குமாஸ்தாக்கள் ஏறத்தாழ அவரளவுக்கே கண்டிப்பாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள் என்று கருதுவதில் தவறில்லை. கணக்கைக் கண்டு இருப்பிடத்தை மாற்றும் உரிமைதான் அவர்களுக்கு இருக்கவில்லை.

எவ்வளவு அடிக்கடி பார்ப்பது என்ற கேள்வி இன்று வேறு உருவெடுத்திருக்கிறது. 2004 ஜனவரி முதல் தேதியிலோ அதன் பின்னரோ பணியில் சேர்ந்தவர்களுக்கு ஜி.பி.எஃப். இல்லை, என்.பி.எஸ். என்னும் புதிய ஓய்வூதியத் திட்டத்தில் ஊழியர் 10 விழுக்காடும் அரசு 14 விழுக்காடும் செலுத்த, தொகை பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் முதலீடாகிறது. அதன் மதிப்பைக் கைப்பேசியில் எந்நாளும் பார்க்கலாம். 1995இல் பெனார்ட்சி, தேலர் என்ற இரு பொருளியலாளர்கள், மனிதர்கள் இலாபத்தின் மகிழ்ச்சியைவிட இழப்பின் வலியை ஏறத்தாழ இரு மடங்காக உணர்வதால், அடிக்கடி கணக்குப் பார்ப்பவர் அடிக்கடி இழப்பைக் கண்டு அஞ்சி நீண்டகாலப் பயனை விட்டுவிடுகிறார் என்று எடுத்துக்காட்டினார்கள். முதலீட்டாளர்களின் உண்மையான நடத்தையோடு பொருந்துவது ஏறக்குறைய ஓராண்டு இடைவெளி என்பதும் அவர்கள் கண்ட முடிவு. ஜி.பி.எஃப். சீட்டை வழங்கிய பே அண்ட் அக்கவுன்ட்ஸ் அலுவலகம் எந்த உளவியலும் படிக்காமலே அந்த இடைவெளியைக் கடைப்பிடித்து வந்தது.

2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த யு.பி.எஸ். என்னும் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம், 25 ஆண்டுப் பணி முடித்தவருக்குக் கடைசிப் பன்னிரண்டு மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதியை உறுதி செய்கிறது. என்.பி.எஸ்.ஸிலேயே இருப்பதா, இதற்கு மாறுவதா என்று முடிவெடுக்க ஊழியர்களுக்குத் தரப்பட்ட கெடு ஒரு முறைக்கு மேல் நீட்டிக்கப்பட்டது. வயது, பணிக்காலம், அடிப்படைச் சம்பளம் முதலியவற்றைக் கொடுத்தால் இரு திட்டங்களிலும் கிடைக்கக்கூடிய தொகையைக் கணக்கிட்டுக் காட்டும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. ஆனால் அந்தத் தொகையை மயூர் விஹாரில் செலவிடப் போகிறாரா, கும்பகோணத்திலா, மகன் வேலை பார்க்கும் பெங்களூருவிலா என்பதை வீட்டில் பேசி முடித்திருக்கும் ஊழியரால்தான் கருவி தரும் எண் தமக்குப் போதுமா, போதாதா என்று சொல்ல முடியும்.