கோபேயில் சாய்ந்த விளக்குகள்

மனைவியின் தம்பிக்கு ஒசாக்காவில் வாகன ஏற்றுமதிக் கம்பனியொன்றில் வேலை. 2025 ஓகஸ்ட் விடுமுறையில் அவரது அழைப்பின்பேரில் நாங்களும் மகனும் போயிருந்தோம். ஒரு நாளைக் கோபே நகருக்கென்று ஒதுக்கினோம். சன்னோமியா நிலையத்துக்கு ரயிலில் அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

முதலில் பள்ளிக்குத்தான் போனோம். நிலையத்திலிருந்து மலைப்பக்கமாக ஏறும் தெருவில் இருக்கிறது. 1935 இல் திறக்கப்பட்டது. ஜப்பானின் முதற் பள்ளி என்று பெயர்பெற்றது. 1945 இல் குண்டுவீச்சில் நகரம் எரிந்தபோதும், 1995 ஜனவரி 17 பூகம்பத்தின்போதும் அது விழவில்லை. லுஹரைத் தொழுதுவிட்டு, பக்கத்து ஹலால் கடையில் சாப்பிட்டுக் கடற்பக்கம் இறங்கினோம்.

108 மீற்றர் உயரச் சிவப்புத் துறைமுகக் கோபுரத்தைப் படமெடுத்துக்கொண்டு மெரிக்கன் பூங்காவைச் சுற்றிவந்த மகன், ஓரிடத்தில் நின்றுவிட்டான்.

"வாப்பா, இத ஏன் திருத்தாம உட்டிருக்காங்க?"

பூகம்பத்தில் உடைந்த இறங்குதுறையில் ஏறத்தாழ 60 மீற்றரை அப்படியே வைத்திருக்கிறார்கள். கொங்கிறீற்றுப் பாளங்கள் பிளந்து தண்ணீருக்குள் சரிந்து கிடக்கின்றன. விளக்குக் கம்பங்கள் சாய்ந்து நிற்கின்றன. அந்த அதிகாலை 5.46க்கு வந்த பூகம்பம் 6,434 உயிர்களைக் கொண்டுபோனது. துறைமுகத்தைத் திருத்திக் கட்டியவர்கள் இந்தத் துண்டை மட்டும் தொடவில்லை.

"மறக்கக் கூடாதெண்டுதான்" என்றேன்.

"அப்ப நம்மட ஊர்ல ஏன் ஒண்டும் இல்ல?"

அவனுக்குப் பதினாறு வயது. 2004 டிசம்பர் 26 அவனுக்குப் பாடப்புத்தகச் செய்தி. சுனாமி என்பது ஜப்பானியச் சொல், துறைமுக அலை என்று பொருள் என வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். என் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேரைக் கடல் கொண்டுபோனதை மட்டும் அவனிடம் சொன்னதில்லை. கடலோரப் பாடசாலையில் எஞ்சிநின்ற சுவரையும் நாங்களே இடித்தோம். அதைப் பார்த்துக்கொண்டிருக்க எங்களால் முடியவில்லை. இப்போது அந்த இடத்தில் தோணிகளை இழுத்து வைக்கிறார்கள்.

சாய்ந்த விளக்குகளுக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும் ரயிலில் மகன் நகர வரைபடத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, பேனையையும் தந்தான். "பேரெல்லாம் எழுதுங்க வாப்பா."

ஒன்பது பெயர்கள், வரவிடாப்பில் இருந்த வரிசையிலேயே வந்தன. பத்தாவதை மனைவி நினைவுபடுத்தினாள். பதினோராவது வரவில்லை. ஜன்னலோரம் இருப்பான். இடக்கையால் எழுதுவான். முகம் தெரிகிறது, பெயர் இல்லை.

அந்தப் பிள்ளையின் உம்மா எங்கள் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார். இத்தனை வருடமும் சலாம் சொல்லிக் கடந்துபோயிருக்கிறேன். அவரிடம் அந்த நாளைப் பற்றி ஒருமுறையும் பேசியதில்லை. வரைபடத்தில் பதினொன்று என்று இலக்கமிட்டு வெறுமையாக விட்டிருக்கிறேன். போய்க் கேட்க வேண்டும்.