அத்திப்பட்டு லாரிகளும் கொதிக்கும் ரேடியேட்டரும்

அத்திப்பட்டு என்று சொன்னதுமே பலருக்கு 2001-ல் வந்த 'சிட்டிசன்' படம்தான் ஞாபகம் வரும். அது அத்திப்பட்டி. படத்துக்காக உண்டாக்கின ஊர், அதுவும் காணாமல் போன ஊர்! இது அத்திப்பட்டு. கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் போனால் அத்திப்பட்டு, அத்திப்பட்டு புதுநகர் என்று ரெண்டு ஸ்டேஷனே இருக்கிறது. காணாமல் போக வாய்ப்பே இல்லை, அவ்வளவு லாரி.

1994-ல் மின்சாரம் கொடுக்க ஆரம்பித்த வடசென்னை அனல்மின் நிலையம், 2001-ல் திறந்த எண்ணூர் துறைமுகம் (2014-லிருந்து காமராஜர் துறைமுகம்), அதை அடுத்து காட்டுப்பள்ளி துறைமுகம், கேஸ் நிரப்பும் ஆலை, எண்ணெய்க் கிடங்குகள்... சாம்பல் ஏற்ற ஒரு லாரி, கன்டெய்னர் இழுக்க ஒரு ட்ரெய்லர், டேங்கர் லாரி என்று பொன்னேரி ரோடு பூராவும் டீசல் எஞ்சின்கள்தான். சித்திரை வெயிலில் கேபினைத் தூக்கிவிட்டு, ரேடியேட்டரிலிருந்து ஆவி வர ஓரமாக நிற்கிற வண்டி அந்தப் பக்கம் அதிசயக் காட்சி இல்லை.

"தண்ணி காயுதுண்ணே." டிரைவர் பட்டறையில் வந்து சொல்வது இந்த இரண்டு வார்த்தைதான். அனுபவப்பட்ட மெக்கானிக் உடனே ஸ்பேனரை எடுக்க மாட்டார். "நிக்கும்போது காயுதா, ஓடும்போது காயுதா?" என்றுதான் கேட்பார். பாதி வைத்தியம் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது.

டீசல் எஞ்சின் சும்மா ஐட்லிங்கில் நிற்கும்போது உண்டாக்கும் வெப்பம் ரொம்பக் குறைவு. லோடு ஏற்றி இழுக்கும்போதுதான் விஷயமே. எரிகிற டீசலின் வெப்பத்தில், நல்ல லாரி எஞ்சினில்கூட 40 சதவீதத்தை ஒட்டித்தான் வேலையாக மாறும். மீதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியே போயாக வேண்டும். ஆகவே ஊர்ந்து போகும்போதும் நிற்கும்போதும் மட்டும் முள் ஏறுகிறது, ஓட்டினால் இறங்கிவிடுகிறது என்றால் முதல் சந்தேகம் காற்று மேல்: ஃபேன் பெல்ட் தொளதொள என்று இருக்கலாம், ஃபேன் கிளட்ச் பிடிக்காமல் இருக்கலாம். மேம்பாலம் ஏறும்போது, பாரத்தோடு வேகமாகப் போகும்போது காய்கிறது என்றால் தண்ணீர் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்: ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், சரியாகத் திறக்காத தெர்மோஸ்டாட், உள்ளே உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ்.

அந்த ஏரியாவுக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. நிலக்கரித் தூசியும் அனல்மின் நிலையத்துச் சாம்பலும். ரேடியேட்டரை முன்னாலிருந்து பார்த்தால் பளிச்சென்று இருக்கும். ஆனால் டர்போ வண்டிகளில் ரேடியேட்டருக்கு முன்னால் இன்டர்கூலர் என்று இன்னொரு பலகை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் சாம்பல், பூச்சி, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேர்ந்து மெத்தை மாதிரி படிந்திருக்கும். வாட்டர் சர்வீஸில் முன்பக்கமிருந்து பீச்சி அடித்தால் அது இன்னும் உள்ளே போய் இறுகுமே தவிர வெளியே வராது. போதாக்குறைக்கு ஃபின்னெல்லாம் மடங்கிவிடும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னால் தள்ளுகிற மாதிரி, மெதுவான அழுத்தத்தில் கழுவ வேண்டும். முடிந்தால் இன்டர்கூலரைக் கழற்றிவிட்டுக் கழுவுவது உத்தமம்.

அடுத்தது தண்ணீர். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறிவிட்டதை 1960-களின் கடைசியிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அதே மீஞ்சூர் பேரில்தான் 2010-ல் காட்டுப்பள்ளியில் நாளைக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. (ஊருக்கே தண்ணீர் கொடுக்கிற இடத்தில் ரேடியேட்டருக்கு நல்ல தண்ணீர் இல்லை என்பது ஒரு வேடிக்கை.) அவசரத்துக்கு உப்பு போர் தண்ணீரை ஊற்றினால் அன்றைக்கு வண்டி ஓடும். ஆனால் கெட்டில் அடியில் படிகிற மாதிரி உள்ளே சுண்ணாம்பு படியும், உப்பு அலுமினியத்தையும் இரும்பையும் அரிக்கும். கூலண்ட் ஏதோ பணக்கார வண்டிக்கான சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் உண்டு. "நம்ம ஊர்ல என்ன பனியா பெய்யுது, ஆன்டிஃப்ரீஸ் எதுக்கு?" என்று கேட்பார்கள். உறைவதைத் தடுப்பது அதன் ஒரு வேலைதான். துருவைத் தடுப்பது இன்னொன்று. டீசலில் மூன்றாவதும் ஒன்று உண்டு. எரிதலின் அதிர்ச்சியில் லைனர் அதிரும்போது தண்ணீர்ப் பக்கத்தில் நுண்குமிழிகள் தோன்றி உடையும். அந்த உடைதல் லைனரைத் துளைத்துத் துளைத்து ஊசி முனை ஓட்டை போட்டுவிடும். கூலண்டில் இருக்கும் மருந்து லைனர் மேல் ஒரு படலம் போட்டு அதைக் காக்கிறது. வெறும் தண்ணீரால் அது முடியாது.

இனி தெர்மோஸ்டாட். "வால்வைக் கழட்டிப் போட்டுட்டா பிரச்னையே இல்ல" என்பது பல பட்டறைகளின் நிரந்தர ஆலோசனை. பரிதாபமான ஆலோசனை! சுமார் 80 டிகிரி வந்ததும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. கழற்றிவிட்டால் லோடில்லாத வண்டி எப்போதும் குளிர்ந்தே ஓடும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். சில எஞ்சின்களில் பைபாஸ் வழியை அடைப்பதும் அந்த வால்வுதான். அது இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றி வந்து முன்னைவிட அதிகமாகக் காயும். வால்வு கெட்டதா என்று பார்க்க ஒரு பாத்திரம் வெந்நீரும் தெர்மாமீட்டரும் போதும். போட்டுச் சூடாக்கினால் திறக்கிறதா இல்லையா என்று கண்ணாலேயே தெரியும்.

பயப்பட வேண்டியது ஹெட் கேஸ்கெட்டுக்குத்தான். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி விறைக்கிறதா? மூடி திறந்திருக்கும் ரேடியேட்டரில் விடாமல் குமிழி வருகிறதா? எஞ்சின் ஆயில் பால் காபி நிறத்துக்கு மாறியிருக்கிறதா? அப்படியென்றால் ஹெட்டை இறக்காமல் தீராது. பி.எஸ்.6 வண்டிகளில் (2020 ஏப்ரல் முதல்) இ.ஜி.ஆர். கூலர் இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். அது உள்ளே ஒழுகினால் வெளியில் ஒரு சொட்டும் தெரியாது, கூலண்ட் மட்டும் குறைந்துகொண்டே இருக்கும்.

வழியில் காய்ந்துவிட்டால்? மூடியில் மட்டும் கை வைக்கக் கூடாது. அந்த மூடி ஒரு பார் அழுத்தம் தாங்கினால் உள்ளே தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமலே இருக்கும். திறந்த நொடியில் அழுத்தம் விழும், அத்தனையும் ஒரே மூச்சில் கொதித்து முகத்தில் அடிக்கும். கிளீனர் பையன்களின் கழுத்திலும் மார்பிலும் இருக்கிற தழும்புகளுக்கு இதுதான் கதை. பெல்ட் அறுந்திருந்தாலோ தண்ணீர் காலியாகிவிட்டிருந்தாலோ எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். தண்ணீர் இருந்து பம்ப்பும் சுற்றினால் சில நிமிடம் ஐட்லிங்கில் விட்டு நிறுத்தலாம். காய்ந்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரியும். இன்னொரு ஏமாற்று வித்தையும் உண்டு. தண்ணீர் மொத்தமும் போய்விட்டால் சென்சார் நனையாமல் நிற்கும், முள் கீழே இறங்கும். 'அப்பாடா, ஆறிடுச்சு' என்று ஆக்ஸிலேட்டரை மிதிப்பவருக்கு அடுத்த கிலோமீட்டரில் பிஸ்டன் ஜாம்.

அப்போது ஓனருக்கும் டிரைவருக்கும் நடக்கிற சண்டை தனி. ஹெட் வேலை, லைனர், பிஸ்டன் என்று செலவு லட்சத்தைத் தொடும். வண்டி பட்டறையில் நிற்கும் நாளெல்லாம் டிரைவருக்குப் பேட்டா கிடையாது, ஓனருக்கு டியூ மட்டும் நிற்காது. "முள்ளைப் பார்க்காம என்னத்தய்யா ஓட்டுன?" என்பார் அவர். "போன மாசமே கூலண்ட் கேன் கேட்டேனே, தண்ணி ஊத்திக்கோன்னு சொன்னீங்களே முதலாளி" என்பார் இவர்.