நாத்தனார் மகளின் வயிற்று வலி

மாசி மகம் வந்தால் கிள்ளையில் எங்கள் வீடு நிரம்பிவிடும். ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி எங்கள் ஊர்க் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் நாளல்லவா? என் நாத்தனார் மகளும் வருவாள். பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் விரதம் இருப்பாள். ஓரிரு நாளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். கை கால் ஓய்ந்துபோகும். ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. "வேலைக்குப் பயந்து நடிக்கிறா" என்றார்கள் புகுந்த வீட்டில். வேப்பிலை அடித்தவர்களும் உண்டு.

ஒரு தடவை அவளுடைய சிறுநீர் வெளிச்சத்தில் இருந்ததும் செம்பழுப்பாகக் கறுத்ததை நாத்தனார் கவனித்து, சிதம்பரத்தில் ஒரு டாக்டரிடம் சொன்னார். சோதித்ததில் 'போர்ஃபிரியா' என்று தெரிந்தது.

ரத்தத்துக்குச் சிவப்பு தரும் 'ஹீம்' நம் உடம்பில் எட்டுப் படிகளில் தயாராகிறது. படிக்கு ஒரு என்சைம். எட்டுப் பேர் வரிசையாக நின்று மீன் கூடையைக் கைமாற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ஆளுக்குப் பாதி பலம்தான் என்றால் அவர் முன்னால் கூடைகள் தேங்கிவிடும். இவளுக்கு மரபணுவில் உள்ள மாற்றத்தால் அந்த மூன்றாவது என்சைம் பாதிதான். பட்டினி கிடந்தால் கல்லீரல் இன்னும் வேகமாகக் கூடைகளைத் தள்ளுகிறது. அப்போதுதான் நரம்பு பாதித்து வலி வருகிறது. சல்ஃபா மருந்துகள், வலிப்புக்குத் தரும் சில மாத்திரைகள், மதுபானம் இவையும் கிளப்பிவிடும். மாதவிலக்கை ஒட்டியும் வரலாம். குளுக்கோஸ் ஏற்றுவதும் ஹீமின் ஊசியும் சிகிச்சை.

இது தாய்வழியாகவும் வரும், தகப்பன்வழியாகவும் வரும். பிள்ளை ஆணானாலும் பெண்ணானாலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் மரபணு இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க ஒன்றும் செய்யாது. தென்னாப்பிரிக்காவில் இதன் இன்னொரு வகையை டாக்டர் ஜெஃப்ரி டீன் வம்சாவளியைத் தேடிப் பின்னோக்கிப் போய், 1688-இல் மணந்த ஒரு டச்சுத் தம்பதியிடம் கொண்டு நிறுத்தினார். அந்த ஜோடியின் வழியில் ஆயிரக்கணக்கானோர்!

எங்கள் வீட்டிலும் சோதித்தோம். என் கணவருக்கு இருந்தது. மனிதர் ஒருநாள் வயிற்று வலி என்று படுத்ததில்லை. மகனுக்கு இல்லை. மகளுக்கு இருந்தது. சகோதரிகளே, அன்று இரவு எனக்குத் தூக்கம் ஏது?

"வெளியே சொல்லாதே, கல்யாணம் நின்னுடும்" என்றார் மாமியார். ஆனால் தெரியாத இடத்தில் இவளைப் பட்டினி போட்டால், தப்பான மாத்திரை கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாயிற்றே! பெண் பார்க்க வந்தவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டோம். ஒரு இடம் தட்டிப்போனது. அடுத்த இடத்தில் பையனின் அம்மா, தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.