புதிய பாகம்

புதியது பழையதினும் உறுதியுடையது என்று எண்ணுதல் உலக இயல்பு. தொலைபேசிக் கருவிகளின் திறத்தில் அவ்வெண்ணம் முற்றும் பொருந்துவதன்று.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில், தொலைபேசி நிலையங்களின் மின்சுற்று அட்டைகளைச் செப்பனிடும் சிறு பட்டறையொன்றில் என் மாமா பணியாற்றுகின்றார். சென்ற விடுமுறையில் யான் ஆங்குச் சென்றபோது, பூட்டிய மூன்றாம் நாளே பழுதாகித் திரும்பிய புதிய அட்டையொன்றைக் கண்டேன். "புதியதாயிற்றே!" என வியந்தேன். "ஒரு மாதம் ஓடியதைத்தான் நான் நம்புவேன், மாப்பிள்ளை" என்றார்.

அவர் கூறியது உண்மையே. பற்றவைப்பிலோ மூலப்பொருளிலோ மறைந்துள்ள குறை பெரும்பாலும் தொடக்கத்திலேயே வெளிப்படும். அப்பருவத்தைக் கடந்த பாகம், தேய்வு தொடங்குமளவும் நெடுநாள் உழைக்கும். இம்முப்பருவத்தையும் பொறியியலார் குளியல் தொட்டி வடிவமான வளைகோட்டால் காட்டுவர். ஆகவே பழுதான பாகத்தை நீக்கிப் புதியதை இடுங்கால், தொடக்கப் பருவத்து இடரும் உடன் நுழைகின்றது. மாற்றுப் பாகமும் பழுதாயின், பல வீடுகள் மீண்டும் பேச்சற்றுப்போம். பிணியாளர் அழைப்பும் மருத்துவரை எட்டாது.

கரையிலாயின் மறுபடியும் மாற்றலாம். ஆழ்கடலில் யாது செய்வது? அத்திலாந்திக் கடலைக் கடந்த முதல் தொலைபேசி வடம் 1956-இல் இயங்கத் தொடங்கிற்று. அதன் பெருக்கிகளுக்குரிய வெற்றிடக் குழாய்களை முன்னரே ஆயிரக்கணக்கான மணி நேரம் இயக்கிப் பார்த்துத் தேர்ந்தனர். 1978-இல் அவ்வடம் ஓய்வுபெறுமளவும் அக்குழாய்களுள் ஒன்றேனும் பழுதுறவில்லை.

ஆதலின் உதிரிப்பாகங்களைக் கிடங்கில் அடுக்கிவைத்தல் மட்டும் போதாது. மின்னோட்டம் செலுத்தி, வெப்பத்திலே சில நாள் இயக்கிப் பார்த்த பின்னரே அவற்றை ஆங்கு வைத்தல் வேண்டும்.