சுடப் பழகும் இடம்

என் மாமனாருக்குத் துப்பாக்கி வேண்டும் என்று தோன்றியது 2025 மே மாதம் முதல் வாரத்தில். அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன், 2024 நவம்பர் கடைசியில், பல்லடத்துக்குப் பக்கத்தில் சேமலைக்கவுண்டன்பாளையத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் தாய், தகப்பன், மகன் மூவரையும் கொன்றுவிட்டுப் போயிருந்தார்கள். பிறகு சிவகிரிப் பக்கம் ஒரு வயோதிகத் தம்பதி. பனியன் கம்பெனிகளின் கூரைகள் முடிந்து தென்னையும் சோளத்தட்டும் ஆரம்பிக்கிற இடத்தில் அவருடைய சாளை இருக்கிறது. அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை. மகள், மருமகன், பேரன் எல்லோரும் திருப்பூரில். அவரும் அத்தையும், நான்கு உருப்படி மாடும், ஒரு நாயும்.

"மாப்பிள்ளைங், நீங்க பேங்க்குல இருக்கறீங்க. துப்பாக்கி வெச்ச ஆளு தெனமும் உங்க முன்னால நிக்கறாருங். லைசென்ஸுக்கு என்ன பண்றது, எங்க போயிச் சுடப் பழகறது, கொஞ்சம் வெசாரிச்சுச் சொல்லுங்" என்றார். டவுனுக்கு வந்துவிடுங்கள் மாமா என்று வழக்கம்போல் சொன்னேன். மாட்டை எந்த மாடியில் கட்டுவது என்று வழக்கம்போல் கேட்டார்.

துப்பாக்கியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகத்தில் படித்தது. செகாவின் சுவரில் தொங்குகிற துப்பாக்கி; காம்யுவின் நாயகன் ஒன்று சுட்டு, நிறுத்தி, மேலும் நான்கு சுடுவது; ஆர்வெல் மோல்மீனில் கேலிக்கு ஆளாகிவிடக் கூடாதே என்பதற்காக யானையைச் சுட்டதாக 1936-இல் எழுதியது. இவற்றை வைத்துக்கொண்டு ஒரு கிழவருக்கு வழிகாட்ட முடியாது. நம் எழுத்திலோ அரிவாளுக்கு இருக்கிற ஸ்தானம் துப்பாக்கிக்கு இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். தமிழ்ச் சிறுகதையின் தகப்பன் என்று நாம் கொண்டாடுகிற வ.வே.சு. ஐயர் கைத்துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்த மனிதர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன் புதுச்சேரியில் ஐயரிடம் பழகியவர். புதுச்சேரி ஏன்? பிரிட்டிஷாரின் 1878 ஆயுதச் சட்டம் அங்கே செல்லாது, பிரெஞ்சு மண். சுடப் பழகும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் நம்மவர் காட்டிய யோசனைக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அதே கைதான் சில வருஷம் கழித்துக் குளத்தங்கரை அரசமரத்தை எழுதியது. அதில் கதை சொல்வது மரம். எல்லாவற்றையும் பார்க்கும், ஓர் அடி நகர முடியாது. கைத்துப்பாக்கி பழகிய ஒருவர் கதை எழுத உட்கார்ந்ததும் கையே இல்லாத ஒன்றிடம் கதையை ஒப்படைத்தது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. விமர்சகர்கள் யாராவது யோசிக்கலாம்.

சட்டத்தைப் பார்த்தேன். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு விதிகளும். விண்ணப்பத்துக்கு ஏ-1 படிவம், பயிற்சிச் சான்றுக்கு எஸ்-1, டாக்டர் சான்றுக்கு எஸ்-3. போலீஸ் விசாரித்து அறிக்கை தர வேண்டும். கொடுப்பதும் கொடுக்காததும் அதிகாரியின் அபிப்பிராயம். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்குச் செல்லும், முன்பு மூன்று. தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டியிருக்கும். கான்பூர் தொழிற்சாலை 2014-இல் பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற ரிவால்வரைக் கொண்டுவந்தது. .32 அளவு, அரைக் கிலோ எடை, அப்போதே லட்ச ரூபாய்க்கு மேல். பயப்படுகிறவர்களில் எத்தனை பேரால் அந்தப் பயத்துக்கு இந்த விலையைக் கொடுக்க முடியும் என்று குமாஸ்தாவின் புத்தி உடனே கணக்குப் போட்டது.

எங்கள் கிளையின் காவலர் ராணுவத்தில் இருந்தவர். பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் துப்பாக்கி. வருஷத்துக்கு ஒரு முறை சுடும் பயிற்சிக்குப் போய்வருவார். அவரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"சார், ராத்திரி அதை எங்க வைப்பாரு? பூட்டி வெச்சா எடுக்க நேரமாகும். பூட்டாம வெச்சா பேரன் லீவுக்கு வருவான். வீட்ல துப்பாக்கி இருந்தா அதுக்கு ஒரு காவக்காரன் வேணும் சார்."

பிறகு, எந்த இடத்தில் பழகினாலும் முதல் நாள் துப்பாக்கியைக் கையில் கொடுக்கிற இடமாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள் என்றார். அவர் சொன்ன இந்த ஒரு வாக்கியத்தைத்தான் அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

கோவைக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போனேன். நம் ஊர்ப்பக்கம் இருப்பவை விளையாட்டுக்கான இடங்கள். தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி கற்றுத்தருகிறோம் என்று பலகை வைத்த ஒன்றையும் நான் காணவில்லை. முதலில் பார்த்தது ஒரு வணிக வளாகத்தின் மேல்மாடி. குளிர்சாதனம், பத்து மீட்டர் நீளத்தில் ஐந்து தடங்கள், சுவரில் பதக்கக்காரர்களின் படங்கள். நுழைந்த பத்தாவது நிமிஷம் ஏர் பிஸ்டலை என் கையில் கொடுத்து செல்ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வந்துவிட்டேன். இரண்டாவது இடத்தில் ஓடு வேய்ந்த கொட்டகை, பின்னால் மண்மேடு. பயிற்சியாளர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். ஒரு மணி நேரம் வெறுங்கையோடு நிற்க வைத்தார். குழல் எப்போதும் குறிப்பக்கமே இருக்க வேண்டும். சுடத் தீர்மானிக்கிறவரை விரல் விசைக்கு வெளியே. 'நிறுத்து' என்ற குரல் கேட்டால் சுட்டது பாதி, சுடாதது பாதி என்றாலும் வைத்துவிட்டுப் பின்னால் வர வேண்டும். வந்திருந்த பையன்களும் பெண்களும் இதைப் பிரார்த்தனை மாதிரிக் கடைப்பிடித்தார்கள். 2024 பாரிஸில் மனு பாக்கர் வெண்கலம் வாங்கியதற்குப் பிறகு பெண்கள் அதிகம் வருகிறார்கள் என்றார். இந்த இடம்தான் என்று முடிவு செய்தேன்.

நானும் சுட்டேன். ஒற்றைக்கையை நீட்டி நின்று, 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு, பத்து மீட்டருக்கு அப்பால் காகிதம். பத்துப் புள்ளிக்கான நடுவட்டம் 11.5 மில்லிமீட்டர், நம் சட்டைப் பொத்தான் அளவு. பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றும் ஒரே சமயம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. முன்குறியைத் தெளிவாக வைத்துக்கொண்டு இலக்கை மங்க விட வேண்டும் என்றார். எனக்கு இது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை. மூச்சைப் பாதியில் நிறுத்தி, விரல் தனக்கே தெரியாமல் இழுக்கிற அந்தக் கணத்தில் உலகம் ஒரு பொத்தானாகச் சுருங்கிவிடுகிறது. நல்ல கவிதை ஒன்றைப் படிக்கிறபோதுகூட எனக்கு இவ்வளவு அமைதி அபூர்வமாகத்தான் வாய்த்திருக்கிறது. ஏழாவது குண்டில் ஒரு காரியம் கவனித்தேன். மங்கவிட்ட அந்தக் கறுப்பு வட்டத்துக்கு நான் ஒரு முகம் கொடுத்துக்கொண்டிருந்தேன். சட்டை கலைந்த, ஹிந்தி பேசுகிற, எங்கள் கவுண்ட்டரில் ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்கிற பையன்களில் ஒருவனுடைய முகம். கொலை நடந்த வாரங்களில் டீக்கடையிலும் பஸ்ஸிலும் எல்லோரும் சொன்னது அதைத்தான்: வடக்கத்தியான் வேலை. மே மாதமே போலீஸ் ஆட்களைப் பிடித்து, இரண்டு சம்பவத்துக்கும் இவர்களே காரணம் என்று சொல்லிவிட்டது. பிடிபட்டவர்கள் அரச்சலூர்ப் பக்கத்து ஆட்கள், நம் பாஷை பேசுகிறவர்கள். எனக்கு இது தெரியும். பத்திரிகையில் படித்து, மாமாவுக்கும் படித்துக் காட்டியிருந்தேன். தெரிந்த பிறகும் விரலுக்கு அந்தப் பழைய முகமே போதுமாக இருந்தது. பிஸ்டலை வைத்துவிட்டுப் பின்னால் வந்தேன். மிச்ச மூன்று குண்டைச் சுடவில்லை.

அடுத்த ஞாயிறு மாமாவைக் கூட்டிப்போனேன். எழுபத்தொரு வயது, ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று. வெள்ளைவேட்டியோடு பையன்களுக்கு நடுவில் ஒரு மணி நேரம் வெறுங்கையை நீட்டிக்கொண்டு நின்றார். சிரிக்கவில்லை, சலிக்கவில்லை, விதைக்கடைக்காரன் பேச்சைக் கேட்கிற அதே கவனம். போட்டியில் அறுபது குண்டுக்கு எழுபத்தைந்து நிமிஷம் கொடுப்பார்கள் என்று பயிற்சியாளர் சொன்னபோது மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பத்துக் குண்டு சுட்டார். கை நடுங்கியது. மூன்று காகிதத்திலேயே விழவில்லை. ஒன்று ஒன்பதில்.

"ஏனுங், ராத்திரி இருட்டுல முன்னால இருக்கற இந்த ஆணியே தெரியாதுங்களே?"

தெரியாதுங்க ஐயா என்றார் பயிற்சியாளர். இங்கே கற்றுக்கொள்வதை வைத்து ஒருவனைத் தடுக்க முடியும் என்று நான் சொல்லமாட்டேன், நாய் குரைத்தால் விளக்கைப் போடுங்கள், கதவைத் திறக்காதீர்கள், ஃபோனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆள் சேர்ப்பதைவிட உண்மை சொல்வதில் அக்கறை உள்ள ஒருவரிடம் வந்திருக்கிறோம் என்று எனக்குத் திருப்தி. மாமாவுக்கு அப்படித் தோன்றியிருக்காது. திரும்பும்போது சூலூர் தாண்டும்வரை பேசவில்லை. பிறகு, தன் தகப்பனார் காலத்தில் காட்டுப்பன்றிக்காகக் கருமருந்துத் துப்பாக்கி ஒன்று இருந்ததையும், அதைத் தொடவிடாமல் பரண்மேல் வைத்திருந்ததையும் சொன்னார். பல்லடத்தில் நிறுத்தச் சொல்லி இரண்டு மூட்டை பருத்திக்கொட்டை வாங்கினார்.

சுட்ட காகிதத்தை அவர் எறியவில்லை. திண்ணைச் சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருந்தார். யார் பார்ப்பதற்காக என்று நான் கேட்கவில்லை. ஏ-1 படிவத்தை நிரப்பலாமா என்று கேட்டதற்கு, "இருக்கட்டுமுங்" என்றார்.

அடுத்த மாதம் நான் போயிருந்தபோது தேங்காய் போடுகிறவர் வந்திருந்தார். இருபது வருஷமாக வருகிறவர். அரிவாளைத் திண்ணையில் வைத்துவிட்டு, டம்ளரை வாங்கிக்கொண்டு, சுவரைப் பார்த்தார்.

"இது என்னதுங்க, ஓட்டை ஓட்டையா?"

மாமா அரிவாளைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"பேரன் வெளையாட்டுச் சாமானுங்" என்றார்.

அவர் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அரிவாளை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு கிணற்றோரத்து மரத்துக்குப் போனார்.