கோமுகியில் யார் பங்கு?

கோவிலில் பிராகாரம் சுற்றும்போது, கர்ப்பக்கிருஹத்தின் வெளிச்சுவரில் அபிஷேக தீர்த்தம் வந்து விழும் கோமுகத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு சொட்டுக்காக எத்தனை கைகள் முண்டியடிக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஐப்பசிக் கடைசியில் நான் போய் வந்தது அதே பெயர் கொண்ட ஓர் ஆற்றங்கரைக்கு. அங்கேயும் கைகள் நீண்டுகொண்டுதான் இருக்கின்றன.

கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினால் வழி நெடுகக் கரும்பு. கச்சிராயபாளையத்தை நெருங்கும்போது கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. அதற்கும் பின்னால், மேகத்தைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, கல்வராயன் மலை. பொட்டியம், மல்லிகைப்பாடி, பரங்கிநத்தம் பக்கமிருந்தெல்லாம் இறங்கிவரும் ஓடைகள் சேர்ந்து கோமுகி ஆறாகின்றன. 1965-இல் அதற்குக் குறுக்கே ஓர் அணை எழுந்தது. 46 அடி உயரம். மேட்டூரைப் பார்த்தவர்கள், "இதுதானா?" என்பார்கள். நானும் மனசுக்குள் அப்படித்தான் சொன்னேன். கரைமேல் நடந்து, நீரில் தலைகீழாய் நிற்கும் மலையைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

அழகைப் பற்றி எழுதத்தான் ஆசிரியர் என்னை அனுப்பினார். ஆனால் அணையடி டீக்கடையில் இரண்டு பெரியவர்கள் என் கட்டுரையைத் திசை திருப்பி விட்டார்கள்.

ஒருவர் ஆற்றுப் பாசனக்காரர். "ஆத்துத் தண்ணி எங்க பாட்டன் காலத்துலேருந்து வருது, தம்பி. அணை நேத்து வந்தது!" என்றார். மற்றவர் வாய்க்கால் பாசனக்காரர். "வாய்க்காலை வெட்டி, இந்தா தண்ணி, பயிர் வைன்னு சொன்னது யாரு? சும்மாவா வெட்டினாங்க?" என்று டம்ளரை ஓசையோடு வைத்தார். பத்து வருஷத்துச் சிநேகிதர்களாம்! டீக்குக் காசு கொடுப்பதில் வேறு தனியாக ஒரு சண்டை.

இரண்டு பேச்சிலும் நியாயம் இருப்பதுதான் சங்கடம். அணை வருவதற்கு முன்பே ஆற்றில் தடுப்பு கட்டித் தண்ணீர் திருப்பிக்கொண்ட பழைய ஆயக்கட்டு 5,860 ஏக்கர். அணையை நம்பிப் பிறந்த புதிய ஆயக்கட்டு 5,000 ஏக்கர். அணை நிறைந்தால் 56 கோடி கன அடி. "அடேயப்பா!" என்று தோன்றுகிறதல்லவா? கொஞ்சம் பொறுங்கள். வீட்டுக் கணக்கு எழுதும் நோட்டில் நான் போட்டுப் பார்த்தேன். அவ்வளவு தண்ணீரையும், ஒரு சொட்டுக்கூட ஆவியாகாமல், 10,860 ஏக்கரிலும் சமமாகப் பரப்பினால் சுமார் 14 அங்குலம் நிற்கும்; முழங்கால்கூட நனையாது. ஒரு போகம் நெல்லோ அறுவடைக்குள் சுமார் 4 அடி கேட்கும். கரும்பின் பசியைப் பற்றிப் பேசவே வேண்டாம். மீதியை மழையும் கிணறும் கொடுக்க வேண்டும். அல்லது இன்னும் ஒருமுறை மலை மனம் வைக்க வேண்டும்.

ஐந்து பேர் வீட்டில் இரண்டு பேர் சாப்பாடு இருந்தால் எப்படிப் பரிமாறுவீர்கள்? முதலில் உட்கார்ந்தவருக்கா, அதிகப் பசிக்கா? பெரிய நதிகளிலும் விவகாரம் இதுவே. 1892-இல் சென்னை ராஜதானியும் மைசூரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. கீழே இருப்பவரின் சம்மதமில்லாமல் மேலே புது அணை எழுப்பக் கூடாது என்பது அதன் சாரம். டீக்கடைப் பெரியவரின் "பாட்டன் காலத்து" வாதமேதான்! காவிரிக்கு 1924-இல் இன்னோர் ஒப்பந்தம், 1990-இல் நடுவர் மன்றம், 2007-இல் அதன் இறுதித் தீர்ப்பு என்று போய், 2018-இல் சுப்ரீம் கோர்ட் தமிழ்நாட்டுக்கு 404.25 டி.எம்.சி. என்று சொன்னது. கோமுகி அணையை எழுநூறு தடவைக்கு மேல் நிரப்பலாம். அப்போதும், குடிதண்ணீர்த் தேவை என்று பெங்களூரின் பசிக்காக நம் பங்கு கொஞ்சம் குறைந்தது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வடக்கே ஓடும் தென்பெண்ணைக்கும் கர்நாடகத்தோடு வழக்கு உண்டு. 2018-இல் தமிழ்நாடு சுப்ரீம் கோர்ட் படியேறியது.

கோமுகிக்குக் கோர்ட்டு வேண்டாம். மடையும் முறையும் போதும். இத்தனை நாள் இந்த மடைக்கு, அப்புறம் அடுத்ததற்கு. 2000-ஆம் ஆண்டில் வந்த தமிழ்நாட்டுச் சட்டம் பாசன நிர்வாகத்தில் விவசாயிகளுக்கே பங்கு கொடுத்து, நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களை ஏற்படுத்தியது. நல்ல ஏற்பாடு. ஆனால் சகோதரிகளே, நிலத்துக்குச் சொந்தக்காரர்தான் அதில் அங்கத்தினர். நாற்று நடுவதும் களை பறிப்பதும் யார், பட்டா யார் பெயரில் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

வெள்ளிமலைக்குப் போகும் பஸ்ஸில் என் முன் ஸீட்டில் ஒரு மலைப் பெண், மடியில் குழந்தையோடு. மேலே மரவள்ளியும் சாமையும் பயிர் செய்கிறார்களாம். அணையில் மலைக்கு என்ன பங்கு என்று அசட்டுத்தனமாகக் கேட்டு வைத்தேன். சிரித்தாள். "மழை எங்க தலையிலதான் பெய்யுதுங்க. நிக்கத்தான் மாட்டேங்குது." டீக்கடையில் இரண்டு கட்சிதான் என்று நினைத்திருந்தேன். மூன்றாவது கட்சி கேஸே போடவில்லை.

திரும்பும் வழியில் வாய்க்கால் கோடியில் இறங்கினேன். தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம், அதாவது கடைமடை. வரப்பில் ஒரு கிழவி மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். அவள் வயலுக்கு முறை ராத்திரியில்தான் வருமாம். மேல்மடைக்காரர் யாராவது அசதியில் ஒரு பிடி மண் கூடுதலாகத் தள்ளி வைத்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

"சண்டை போட மாட்டீங்களா, பாட்டி?"

"போடாம? அடுத்த வாரம் அவன் வீட்டுக் கல்யாணம். அதுக்குள்ள போட்டு முடிச்சுக்கணும்."

என்னையும் விசாரித்தாள்.

"ஒனக்கு எந்த ஊரு, தம்பி?"

"மெட்ராஸ், பாட்டி."

"அங்க தண்ணி எங்கேருந்து வருது?"

ஏரிகளின் பெயரைச் சொன்னேன். அவள் விடவில்லை. வீராணத்திலிருந்தும் 2004 முதல் குழாயில் வருகிறது என்றேன். வீராணத்துக்கு? கொள்ளிடத்திலிருந்து. கொள்ளிடத்துக்கு? காவிரி.

"அப்ப நீயும் கடைமடைதான்!" என்று சொல்லிவிட்டு, வாய்க்காலில் ஏதோ சத்தம் கேட்டதுபோல் தலையைத் திருப்பினாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து விட்டாள்.