இருபெயர் பூண்ட செடி

சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில் எம் தமக்கையார் ஆஸ்திரேலியாவினின்று விடுத்த மடலினுள்ளே உலர்ந்த ஊதாமலர்க் கொத்தொன்று இருந்தது. ஆல்பரி நகரின் புறத்தே, பெட்டைக் குதிரையொன்றுடன் புதிதாய்க் குடியேறியவர் அவர்.

எக்கியம் பிளாந்தஜினியம் என்பது அச்செடிக்கு நூலார் இட்ட பெயர். மத்தியதரைக் கடற்பக்கத்து நாடுகளே அதன் தாயகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்டத்திற்கு அழகெனக் கொணரப்பட்டு, பின் வேலி கடந்து மேய்ச்சல் நிலமெங்கும் பரவிற்று.

மலரை வெந்நீரில் நனைத்து விரித்து நோக்கினோம். ஐந்து இதழ்களும் இணைந்து புனலாயிருந்தன. கேசரம் ஐந்தனுள் இரண்டு வாய்க்கு வெளியே நெடிது நீண்டிருந்தன. தண்டின் சுணை உலர்ந்தும் விரலில் தைத்தது. கொத்தின் நுனியோ தேள்வால் போற் சுருண்டிருந்தது. இச்சுருளே போராஜினேசிக் குடும்பத்தின் சிறந்த அடையாளம். நம்மூர்த் தேள்கொடுக்கும் அவ்வினத்ததே (இக்காலத்தார் சிலர் அதனைத் தனிக் குடும்பமாகப் பிரிப்பர்). மேனாட்டாரும் இத்தகைய கொத்தைத் தேளின் பெயராலேயே வழங்குகின்றனர் என்றறிந்து, தமிழ் மாணாக்கராகிய யாம் கொண்ட களிப்புச் சிறிதன்று.

அக்களிப்பால் ஒரு பிழை செய்தோம். ஒரு செடியையேனும் முற்றவிட்டு விதை அனுப்புமாறு எழுதினோம். தமக்கையாரும் எம்மேலுள்ள அன்பினால் வேலியோரத்தே ஒன்றை விட்டுவைத்தார். அண்டை வீட்டு முதியவர் கண்டு பதறினாராம். அச்செடியின் நஞ்சு சிறிது சிறிதாகக் கல்லீரலைக் கெடுக்கும். ஆடு ஓரளவு தாங்கும், குதிரையும் பன்றியும் தாங்கா.

அப்பக்கத்தார் அதனைப் 'பாட்டர்சனின் சாபம்' என்பர். தம் தோட்டத்தில் அதனை வளர்த்த குடும்பத்தின் பெயர் அது. தென் ஆஸ்திரேலியாவிலோ அதுவே 'இரட்சிப்பின் ஜேன்'. இரட்சணிய சேனை மாதரின் தலையணியைப் பூ ஒத்தலின் அப்பெயர் வந்ததென்பர் ஒருசாரார். வறட்சியில் ஆடுகளுக்கு இரையாயினமையின் என்பர் மற்றொருசாரார். தேனீ வளர்ப்போர்க்கும் அஃது உற்ற துணை. செடியை அழிக்கப் பூச்சிகளை விட அரசினர் ஆராய்ச்சியாளர் முயன்றபோது, தேனீ வளர்ப்போரும் ஆட்டு மந்தையுடையார் சிலரும் 1980-ல் நீதிமன்றத் தடை பெற்றனர். 1984-ல் இதற்கெனவே தனிச் சட்டம் இயற்றப்பட்ட பின்னரே பூச்சிகள் விடப்பட்டன.

'தம்பி, உன் விதைக்கு நம் குதிரையையோ விலையாகக் கொடுப்பேன்?' என்று தமக்கையார் எழுதினார். கையுறையணிந்து அதனைப் பிடுங்கிய வேளையில் விதை சில உதிர்ந்துவிட்டிருந்தன. அவை மண்ணிற் பல்லாண்டு உறங்கிப் பின் முளைக்க வல்லன. இவ்வாண்டு மழைக்குப்பின் அவ்விடத்தே முளைப்பவற்றைப் பிடுங்கி, எண்ணிக்கையை மடல்தோறும் எமக்கு எழுதிவருகிறார். இம்முறை 41.